சமயவியல் ஆய்வைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமயவியலும் இறையியலும் ஒன்றுதானா?

இல்லை. இறையியல் ஒரு சமயத்துக்குள் நின்று, அதன் மூல நூல்களையும் கொள்கைகளையும் ஏற்றுக்கொண்டு அவற்றை விளக்குகிறது, வளர்க்கிறது. சமயவியலின் கேள்விகள் வேறு. மனிதர்கள் எதை நம்பினார்கள், சடங்குகளை எப்படிச் செய்தார்கள், எந்த நூலை ஏன் காத்தார்கள், எதை மறந்தார்கள், இதில் அதிகாரமும் செல்வமும் எப்படிக் கலந்தன என்பதை அது ஆராய்கிறது. கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை அல்ல.

வேலை தேடும்போது இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகிவிடும். ஏன் என்று அறிய, துறை வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 1870இல் மாக்ஸ் முல்லர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் அறிவியல் பற்றி உரையாற்றினார். 1873இல் ஜெனீவாவிலும் 1877இல் லைடனிலும் சமய வரலாற்றுக்குத் தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. 1886இல் பாரிஸில் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. அமெரிக்காவில் 1963இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியில் பக்திக்காக பைபிள் வாசிப்பதைத் தடைசெய்தது. அதே தீர்ப்பில், சமயத்தைப் பற்றிக் கல்வி நோக்கில் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. அதன் பிறகு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. பிரிட்டனில் 1967இல் நினியன் ஸ்மார்ட் என்ற சமயவியல் அறிஞர் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறை பலருக்கும் முன்மாதிரியானது.

இப்படிப் பல வழிகளில் வளர்ந்ததால், ஒரே ஆய்வுப் பொருளுக்கான பணியிடம் சமயவியல் துறையிலும் இருக்கலாம். இறையியல் புலம், வரலாறு, மானுடவியல், கிழக்கத்திய மொழிகள் துறை என எங்கும் இருக்கலாம். விளம்பரத்தை முழுதாகப் படியுங்கள். சில இறையியல் புலங்களில் ஆசிரியர் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஜெர்மனியின் கத்தோலிக்க இறையியல் புலங்களில் பேராசிரியர் நியமனத்துக்குத் திருச்சபையின் ஒப்புதலும் தேவை. இதைக் கவனிக்காமல் விண்ணப்பம் எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

நம்பிக்கை உள்ளவர் இந்தத் துறைக்கு வரலாமா? இல்லாதவர்?

இருவரும் வரலாம். உங்கள் முடிவுக்கான சான்றை, உங்கள் நம்பிக்கையைப் பகிராத ஒருவரும் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். நிபந்தனை அது ஒன்றே.

“எங்கள் சமயத்தின் பெருமையை உலகறியச் செய்வேன்” என்று தொடங்கும் விண்ணப்பமும் “மதத்தின் பொய்யை அம்பலப்படுத்துவேன்” என்று தொடங்கும் விண்ணப்பமும் ஒரே காரணத்துக்காகத் தள்ளப்படுகின்றன. இரண்டிலும் ஆய்வுக்கு முன்பே முடிவு எழுதியாகிவிட்டது. உள்ளிருந்து வருபவருக்கு மொழியின் நுட்பம் பிடிபடும், கதவுகள் எளிதில் திறக்கும். ஆனால் தம் வீட்டு வழக்கத்தையே மரபு முழுவதும் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அவருக்கே அதிகம். வெளியிலிருந்து வருபவர், நூலில் உள்ளதையே உண்மையான சமயம் என்று கொண்டு, மக்கள் செய்வதைச் சிதைவு என ஒதுக்கிவிடுவார். தமக்குரிய ஆபத்து எது என்று முதலாண்டிலேயே கண்டுகொள்வது நல்லது.

இளங்கலையில் இதே பாடத்தைப் படித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. வரலாறு, இலக்கியம், தத்துவம், சமூகவியல் படித்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பொறியியல் படித்தவர்களும் வருகிறார்கள். சான்று காட்டி எழுதிய 15–20 பக்கக் கட்டுரை ஒன்றும், ஒரு மூலமொழியில் தொடக்கநிலைத் தேர்ச்சியும் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டு முதுகலைப் படிப்பை இதற்கென்றே பயன்படுத்துங்கள்.

எத்தனை மொழிகள் தேவை?

பலர் இந்தக் கேள்வியை மூன்றாம் ஆண்டில் கேட்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

மொழிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, மூல நூல்களின் மொழி. இரண்டாவது, உங்களுக்கு முன் ஆராய்ந்தவர்கள் எழுதிய மொழி. பெரும்பாலும் ஆங்கிலத்தோடு ஜெர்மனும் பிரெஞ்சும், கிழக்காசிய பௌத்தம் என்றால் கட்டாயம் ஜப்பானியமும். மூன்றாவது, களத்தில் மக்கள் பேசும் மொழி. நூலாய்வு செய்பவருக்கு முதலிரண்டும் வேண்டும். களஆய்வு செய்பவருக்கு மூன்றாவது மிக ஆழமாகவும் மற்றவை போதிய அளவிலும் வேண்டும்.

மூலமொழிகளின் கூட்டு துறைக்குத் துறை மாறும். இந்திய பௌத்தத்துக்குப் பாலியும் சமஸ்கிருதமும் போதும் என்று தோன்றும். ஆனால் சமஸ்கிருத மூலம் அழிந்துபோன பௌத்த நூல்கள் ஏராளம். அவை திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளில்தான் வாழ்கின்றன. ஆகவே அவற்றில் ஒன்றையாவது கற்க வேண்டும். தொடக்ககாலக் கிறித்தவத்துக்குக் கிரேக்கமும் லத்தீனும் அடிப்படை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த ஏடுகளைப் படிக்கக் கோப்டிக் வேண்டும். கிழக்குத் திருச்சபைகளுக்குச் சிரியாக் வேண்டும். இஸ்லாமிய ஆய்வில் செவ்வியல் அரபு முதலில். அதன்பின் காலத்தையும் இடத்தையும் பொறுத்துப் பாரசீகம், உதுமானியத் துருக்கி, உருது. யூத ஆய்வில் எபிரேயத்தோடு அரமேயமும் சேரும்.

சமஸ்கிருதமோ அரபோ, வாரத்துக்கு நான்கைந்து மணி நேர வகுப்பும் நாள்தோறும் ஒரு மணி நேரப் பயிற்சியும் இருந்தால், இரண்டு ஆண்டில் அகராதித் துணையோடு எளிய உரைநடையைப் படிக்கலாம். உரைகளையும் தர்க்க நூல்களையும் தொட இன்னும் ஓரிரு ஆண்டு ஆகும். முனைவர் பட்டத்தில் சேர்ந்த பிறகு முதல் எழுத்திலிருந்து தொடங்கினால், ஆய்வேடு எழுத வேண்டிய ஆண்டில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள். ஒரு மொழியையாவது முன்கூட்டியே முடித்துவிட்டு வாருங்கள்.

ஜெர்மன், பிரெஞ்சு இரண்டுக்கும் பேச்சுப் பயிற்சி தேவையில்லை. வாசிக்கும் திறன் போதும். பல துறைகளில் இரண்டு மணி நேரத்துக்குள் அகராதியோடு ஒரு பத்தியை மொழிபெயர்க்கச் சொல்லும் தேர்வுதான் இருக்கும். ஒரு கோடை முழுக்க முயன்றால் ஒரு மொழியைத் தாண்டிவிடலாம்.

தாய்மொழியே ஆய்வு மொழியாக அமைந்தால் அது பெரும் பேறு. ஆயினும் இன்று பேசும் மொழி வேறு, எழுநூறு ஆண்டுக்கு முந்தைய உரையின் மொழி வேறு. பழைய நடையையும் எழுத்துமுறையையும் முறைப்படி கற்காமல் இறங்கினால், தெரிந்த சொல்லே தவறான பொருளில் வந்து ஏமாற்றும்.

நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றனவே, அவை போதாவா?

அறிமுகத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதா. ‘தர்மம்’ என்ற ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் சட்டம் என்பார், ஓரிடத்தில் கடமை என்பார், இன்னோரிடத்தில் மதம் என்பார். மொழிபெயர்ப்பில் ‘மதம்’ வரும் இடங்களை மட்டும் திரட்டி ஒரு கட்டுரை எழுதினால், மொழிபெயர்ப்பாளரின் மனத்தை ஆராய்ந்தவராகிறீர்கள். மூல ஆசிரியர் எங்கோ நின்றுவிடுகிறார்.

மின்பதிப்புகளுக்கும் ஒரு வார்த்தை. 1924–1934இல் டோக்கியோவில் அச்சான தைஷோ சீனத் திரிபிடகத்தை (பௌத்த மறைநூல் தொகுப்பை) இன்று இணையத்தில் சொல் சொல்லாகத் தேடலாம். யூத நூல்களுக்கு செஃபாரியா, கிரேக்க லத்தீன் நூல்களுக்கு பெர்சியஸ், சமஸ்கிருதத்துக்கு கிரெட்டில் என்று வசதிகள் பெருகிவிட்டன. தேடுவதற்கு இவற்றைப் பயன்படுத்துங்கள். மேற்கோள் காட்டுமுன் அச்சுப் பதிப்பைத் திறந்து, பக்கத்தையும் பாடவேறுபாட்டையும் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களையும்) சரிபாருங்கள். தட்டச்சுப் பிழையை அரிய பாடம் என்று நம்பி வாதம் கட்டினால் கட்டுரை முழுவதும் சரிந்துவிடும்.

ஆய்வுத் தலைப்பை எப்படிக் குறுக்குவது?

“பௌத்தமும் பெண்களும்” என்பது தலைப்பல்ல. ஒரு நூலக அலமாரியின் பெயர். அதிலிருந்து ஒரு கேள்வியை எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

பாலி மொழி விநயத்தில், அதாவது பௌத்தத் துறவியருக்கான ஒழுக்க விதித் தொகுப்பில், பிக்குகளுக்கு 227 விதிகள், பிக்குணிகளுக்கு 311. சீனாவில் வழங்கும், தர்மகுப்தகம் என்ற பழைய பௌத்தப் பிரிவின் விநயத்தில் அந்த எண்கள் 250, 348. இந்த வேறுபாடு எங்கே விழுகிறது? உணவு பற்றிய விதிகளிலா, பயணம் பற்றியவற்றிலா, உடை பற்றியவற்றிலா? ஒரு வகையை மட்டும் எடுத்து இரு விநயங்களிலும் ஒப்பிட்டால், கையில் அடங்கும் நூலாய்வு ஆகிவிடும். இதற்குப் பாலியும் செவ்வியல் சீனமும் வேண்டும்.

அதே பொருளில் களஆய்வுக்கும் வழியிருக்கிறது. பிக்குணியாக நியமனம் பெற பிக்குகள், பிக்குணிகள் ஆகிய இரு சங்கங்களின் முன்னும் நிற்க வேண்டும் என்பது விதி. இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் வழங்கும் தேரவாத பௌத்தத்தில் பிக்குணிப் பரம்பரை அறுந்துவிட்டது. 1998இல் புத்தகயாவில் தர்மகுப்தக மரபுப் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் நியமனம் பெற்றார்கள். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் ஒரே விநய வரிகளைத்தான் காட்டுகிறார்கள். அவற்றை அவர்கள் எப்படி வெவ்வேறாகப் படிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குத் துறவியருடன் பேசும் மொழித்திறனும், விநயத்தை மூலத்தில் படிக்கும் திறனும் சேர்ந்து வேண்டும்.

நல்ல கேள்வியின் அடையாளம் இது: எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

முன்மொழிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

பிரிட்டன் போன்ற இடங்களில் 1000–2000 சொல் முன்மொழிவு கேட்பார்கள். அமெரிக்காவில் இரண்டு பக்க நோக்க அறிக்கையும் எழுத்து மாதிரியும் கேட்பது வழக்கம். கேள்வி, அதற்கு இதுவரை வந்த விடைகள், சான்றுகள், முறை, கால அட்டவணை என்ற ஐந்தும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் முன்னோர் ஆய்வைப் பற்றியே பாதி இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். தேர்வுக்குழு உற்றுப் பார்ப்பது சான்றுகள் பகுதியைத்தான். எந்தச் சுவடி, எந்த நூலகம், எந்த மொழி, பார்க்க அனுமதி கிடைக்குமா என்பதை அங்கே தெளிவாக எழுதுங்கள்.

நெறியாளரை எப்படித் தேர்வது?

புகழைவிட மூன்று செய்திகளை விசாரியுங்கள். கடந்த பத்தாண்டில் அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? எத்தனை ஆண்டில்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? இதை அவருடைய இப்போதைய மாணவர்களிடமே கேட்கலாம், நேர்மையாகச் சொல்வார்கள்.

டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிகிற நாடுகளுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். 200 சொல் போதும்: உங்கள் கேள்வி, உங்களிடம் உள்ள மொழிகள், அவருடைய ஆய்வோடு அது எங்கே தொடுகிறது, வரும் ஆண்டில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறாரா. வாழ்க்கை வரலாறு வேண்டாம். அவர் ஓய்வு பெறவோ வேறிடம் போகவோ நேரலாம். ஆகவே உங்கள் பொருளைப் புரிந்துகொள்ளும் இரண்டாவது ஆசிரியர் ஒருவராவது இல்லாத துறையில் சேராதீர்கள்.

முனைவர் பட்டத்துக்கு எத்தனை ஆண்டு? செலவுக்கு என்ன வழி?

அமெரிக்க முறையில் ஐந்து முதல் ஏழு ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல்: இரண்டாண்டு வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு களமோ காப்பகமோ, கடைசியில் எழுத்து. பிரிட்டனில் நேரடியாக ஆய்வேடு. மூன்று, நான்கு ஆண்டு, 80,000–1,00,000 சொல், முடிவில் வாய்மொழித் தேர்வு.

உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடத்தை ஏற்காதீர்கள். இதை நாங்கள் அழுத்தியே சொல்கிறோம். இந்தத் துறைச் சம்பளத்தில் கல்விக் கடனை அடைப்பது கடினம், பணியிடமே உறுதியில்லை. கல்விக்கட்டண விலக்கு, வாழ்க்கைச் செலவுத்தொகை, மருத்துவக் காப்பீடு, கோடை மாதங்களுக்கான தொகை, உத்தரவாதமான ஆண்டுகள் என்ற ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜெர்மனியின் டாட் (DAAD), பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகைகளுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே ஆயத்தமாக வேண்டும்.

களப்பணியில் எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு, கால அளவு. திருவிழாக்களும் நோன்புகளும் ஆண்டுக்கொரு முறை வருவன. மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தால், வழிபாட்டு ஆண்டின் முக்கால் பங்கைக் கேள்விப்பட்டதாகத்தான் எழுத முடியும். 12 மாதத் தங்கலை மானுடவியலாளர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, யாரிடம் பேசுகிறோம் என்பது. எந்தச் சமூகத்திலும் விருந்தினரிடம் பேசுவதற்கென்றே ஒருவர் இருப்பார். நன்றாகப் பேசுவார், நூல்களை மேற்கோள் காட்டுவார். அவர் சொல்வது அதிகாரபூர்வ விளக்கம். விளக்கேற்றுபவர், கூட்டிப் பெருக்குபவர், வாசலோடு திரும்பிப் போகிறவர் ஆகியோரின் விளக்கம் வேறாக இருக்கும்.

மூன்றாவது, அனுமதி. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நேர்காணல் தொடங்கக்கூடாது. அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கையெழுத்துக் கேட்டால் மக்கள் அஞ்சும் இடங்களில் வாய்மொழி ஒப்புதலைப் பதிவுசெய்யும் முறையை முன்கூட்டியே குழுவிடம் கேட்டு வாங்குங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று எண்ணாதீர்கள். ஐம்பது பேர் உள்ள சபையில் “மூத்த பெண் பாடகர்” என்றாலே ஆள் தெரிந்துவிடும். தேவையானால் ஊர், வயது, தொழிலையும் மாற்ற வேண்டும்; மாற்றியதை ஆய்வேட்டில் சொல்லவும் வேண்டும்.

தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும் உரிய சடங்கைப் பார்க்க, ஆய்வுக்காகவே தீட்சை பெறலாமா என்று கேட்கிறார்கள். தீட்சையோடு வரும் இரகசிய வாக்கைக் காப்பாற்ற முடியுமானால் பெறுங்கள். அப்படிப் பெற்றால், கேட்டதை எழுத முடியாது. எழுத வேண்டும் என்ற எண்ணத்தோடு வாக்குக் கொடுப்பது ஏமாற்று. உங்களுக்குப் பின் வரும் ஆய்வாளர்களுக்கும் அந்தக் கதவு சாத்தப்படும்.

குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் காலைக்குள் யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பது மங்கிப்போகும்.

சுவடி, காப்பகப் பணியில்?

பார்க்கும் அனுமதி, படமெடுக்கும் அனுமதி, அச்சிடும் அனுமதி மூன்றும் தனித்தனி. ஒவ்வொரு படத்தோடும் சுவடி எண்ணையும் ஏட்டெண்ணையும் முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். வீடு திரும்பிய பிறகு 600 படங்களில் வரிசை தேடுவது கொடுமை.

எப்போது வெளியிடத் தொடங்கலாம்?

படிப்பு முடிவதற்குள் சக மதிப்பாய்வுள்ள (துறை வல்லுநர்கள் சோதித்த பின்பே வெளியிடும்) இதழில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருப்பது நல்லது. வழக்கமான நீளம் 8000–10,000 சொல். மதிப்பாய்வுக்குப் பல மாதங்கள் ஆகும். “திருத்தி மீண்டும் அனுப்புக” என்று வந்தால் சோர்ந்து போகாதீர்கள், அது நல்ல செய்தி. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு, எங்கே என்ன மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று கடிதத்தோடு அனுப்புங்கள். பணம் வாங்கிக்கொண்டு சில நாளில் வெளியிடும் இதழ்களைத் தொடவே வேண்டாம். அவை சுயவிவரத்தில் கறையாகும்.

வட அமெரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பணி நிரந்தரமாக ஒரு நூல் வேண்டும்; முடிவு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில். ஆய்வேட்டை அப்படியே அனுப்பினால் பதிப்பகம் திருப்பிவிடும். முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயலை நீக்கி, தேர்வாளருக்காக எழுதிய தற்காப்புகளைக் களைந்து, வாதத்தை முதல் இயலுக்குக் கொண்டு வாருங்கள்.

பணிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்கச் சுற்றில் விளம்பரங்கள் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வரும். முதல் நேர்காணல் காணொலியில், பிறகு குளிர்காலத்தில் மூன்று நான்கு பேரை நேரில் அழைப்பார்கள். அமெரிக்கச் சமயவியல் கழகத்தின் நவம்பர் மாநாடு ஆட்களை அறிந்துகொள்ள நல்ல இடம். 1950இல் தொடங்கிய அனைத்துலகச் சமய வரலாற்றுச் சங்கம் ஐந்தாண்டுக்கொரு முறை பெருமாநாடு கூட்டுகிறது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஐரோப்பிய மேரி கியூரி ஆய்வுநல்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு: முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வு செய்யப்போகும் நாட்டில் இருந்திருக்கக்கூடாது. அங்கே ஏற்கெனவே குடிபெயர்ந்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டு பக்கக் கடிதம், சுயவிவரம், எழுத்து மாதிரி, கற்பித்தல் அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் என்பன வழக்கமான கட்டு. பரிந்துரைப்பவருக்கு ஆறு வாரம் அவகாசமும் உங்கள் கடிதத்தின் படியும் கொடுங்கள்.

நேரில் அழைத்தால் 40–45 நிமிட உரையும் ஒரு மாதிரி வகுப்பும் இருக்கும். கேட்பவர்களில் பாதிப்பேர் உங்கள் மொழி எதையும் அறியாதவர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கேள்வியை அவர்களுக்குப் புரியவையுங்கள். “உலகச் சமயங்கள் அறிமுகப் பாடத்தை எப்படி நடத்துவீர்கள்?” என்று அநேகமாகக் கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு சமயம் என்று சொன்னால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியாக அடைத்துவிடுவீர்கள். புனிதப் பயணம், உணவு விலக்கு, மரணச் சடங்கு என்று நான்கைந்து பொருள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சமயங்களை ஒப்பிடும் 14 வாரத் திட்டம் ஒன்றை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால்?

பலருக்குக் கிடைப்பதில்லை. இதை மறைப்பது மாணவருக்குச் செய்யும் துரோகம். பட்டம் வாங்கும் திறமைசாலிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடங்கள் இல்லை. பருவத்துக்குப் பருவம் தற்காலிக ஆசிரியராக ஓடிக்கொண்டிருந்தால் எழுத நேரமிருக்காது. எழுதாவிட்டால் நிரந்தரப் பணி இன்னும் தள்ளிப்போகும். இத்தனை ஆண்டு முயல்வேன் என்று முன்கூட்டியே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

அரிய மொழி நூல்களைப் பட்டியலிடும் நூலகர், அருங்காட்சியகக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், அகதி விண்ணப்பங்களுக்காக நாட்டு நிலவரம் ஆராய்பவர், பள்ளி ஆசிரியர் ஆகிய பணிகளுக்கு இந்தப் பயிற்சி நேராகப் பொருந்தும். ஆனால் நூலகவியலுக்கும் பள்ளிக் கற்பித்தலுக்கும் பெரும்பாலும் தனிச் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு கோடையை அதற்கு ஒதுக்குங்கள்.

வகுப்பில் ஒரு மாணவர் தம் சமயம் அவமதிக்கப்பட்டதாகச் சொன்னால்?

முதலில் முழுதாகக் கேளுங்கள். பிறகு, நீங்கள் சொன்னது ஆய்வாளர்களின் கருத்தா, ஒரு மூலநூலின் கூற்றா, உங்கள் சொந்த மதிப்பீடா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றாவது என்றால் வகுப்பிலேயே திருத்திக்கொள்வது சரி. முதலிரண்டு என்றால் சான்றை எடுத்து மேசையில் வையுங்கள்; அந்தச் சமயத்துக்குள்ளேயே அதை மறுத்து எழுதியவர்களின் பக்கங்களையும் கூடவே வையுங்கள். அனேகமாக எல்லா மரபிலும் அப்படி மறுத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை பாடத்திட்டம் எழுதும்போது, அந்தப் பக்கங்களையும் அதே வார வாசிப்பில் சேர்த்துவிடுங்கள்.